வேன் பேசினால் மட்டும் போதாது: பிள்ளைகளோடு கொக்கிரகுளம் அறிவியல் மையம் போன அனுபவம்

வள்ளியூருக்குத் தெற்கே ஒரு கிராமத்து நடுநிலைப்பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். போன தை மாதம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரைத் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் இருக்கிற மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஒரே நாளில் கையிலிருந்து 6,000 ரூபாய் கூடுதலாகப் போனது. காலைப்பொழுது வீணாயிற்று. மத்தியானம் ஒரு பையனைக் காணாமல் அரை மணி நேரம் எனக்கு உயிரே இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் கையால் தொட்டுப் படித்தது, நான் கரும்பலகையில் ஒரு பருவம் முழுக்க எழுதிப்போட்டதைவிட ஆழமாக நின்றுவிட்டது. அதனால் பட்ட பாட்டைப் பெரிதாக நினைக்கவில்லை. அடுத்துக் கூட்டிப் போகிற ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ உதவட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு இதையெல்லாம் முன்னாடியே சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

மையத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1987-இல் தொடங்கியது. தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தின் கீழ் வருகிறது, பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தோடு சேர்ந்த கிளை. தாமிரபரணிக் கரைப் பக்கம், மரமும் நிழலுமாக இருக்கும். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்த அருங்காட்சியகம் கிடையாது. சுற்றலாம், இழுக்கலாம், அமுக்கலாம், ஏறி உட்காரலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு "தொடாதே" என்ற சொல் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. பள்ளியில் இருக்கிற ஒரே நுண்ணோக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவி எங்கே என்று தேடுகிற நிலைமைதான் பல இடங்களில். அதனால் இப்படி ஒரு இடம் நம்ம ஜில்லாவுக்குள்ளேயே, ஒரு மணி நேரத் தூரத்தில் இருப்பது சின்ன விஷயமில்லை.

முதலில் வேன் கதை. வள்ளியூரில் ஒரு அண்ணாச்சியிடம் மினி பஸ் பேசினேன். போக வர 7,500 ரூபாய், அட்வான்ஸ் 2,500. காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்பதாகப் பேச்சு. எட்டு மணிக்கும் வண்டி வரவில்லை. போன் அணைத்துக் கிடந்தது. எட்டரைக்கு அவர் வீட்டுப் பக்கம் ஆள் அனுப்பிக் கேட்டால், வண்டி விடியற்காலையிலேயே கல்யாண ஓட்டத்துக்குக் கன்னியாகுமரிப் பக்கம் போய்விட்டதாம். தை மாதம், முகூர்த்த நாள். கல்யாண வீட்டுக்காரர்கள் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். பிள்ளைகள் துவைத்துத் தேய்த்த சீருடையில், சிலர் புதுச் செருப்போடு, திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகை தொண்டையில் வந்து நின்றது. கடைசியில் தலைமையாசிரியர் அங்கே இங்கே போன் போட்டு இரண்டு வேன் பிடித்துக் கொடுத்தார். 11,000 ரூபாய். கிளம்பும்போது மணி பத்து. அட்வான்ஸ் பணம் இன்றுவரை திரும்ப வரவில்லை. பிள்ளைகளிடம் தலைக்கு 150 ரூபாய்தான் வாங்கியிருந்தேன், அதற்கு மேல் கேட்க மனசு வரவில்லை, கேட்டாலும் கொடுக்க முடியாத வீடுகள். மிச்சம் என் சம்பளத்தில் போனது.

ஆகவே தேதி வைப்பதற்கு முன்னால் நாள்காட்டியில் முகூர்த்த நாளா என்று பாருங்கள். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம் என்றால் வேன்காரர்கள் யாரும் நம் கையில் இல்லை. அட்வான்ஸ் ஐந்நூறுக்கு மேல் கொடுக்க வேண்டாம். கொடுத்ததற்கு வண்டி எண் போட்டு ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். முதல் நாள் சாயங்காலம் வண்டி ஓட்டப்போகிற டிரைவரின் எண்ணை வாங்கி அவரிடமே பேசுங்கள். ஓனர் ஆயிரம் சொல்வார், காலையில் சாவியைத் திருப்புவது டிரைவர்தான்.

அன்றைக்கு இன்னொரு அடியும் விழுந்தது. என்னோடு வரவேண்டிய ஆசிரியைக்கு முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு வேறு ஒரு பணிக்கு வரச்சொல்லி உத்தரவு. இந்த மாதிரி கடைசி நேர உத்தரவுகளால் எத்தனை பள்ளிகளில் எத்தனை பாடம் நின்றுபோகிறது என்பதை உத்தரவு போடுகிறவர்கள் ஒருநாள் வந்து பார்த்தால் தேவலை. பயணத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற ஒரு பிள்ளையின் அம்மா, பீடி சுற்றுகிறவர், "நான் வாரேன் டீச்சர், ஒருநாள் பீடிதான, போனா போவுது" என்று கிளம்பி வந்தார். அந்த அக்கா வராமல் இருந்திருந்தால் வண்டி நகர்ந்திருக்காது. பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் ஆள் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஒருவர் உபரியாக இருக்கட்டும். பெற்றோர் ஒப்புதல் கடிதம், வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குத் தகவல் கடிதம் இரண்டையும் ஒரு வாரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மையத்துக்குப் போன் போட்டு, வேறு எத்தனை பள்ளி அன்றைக்கு வருகிறது, கோளரங்கக் காட்சி எத்தனை மணிக்கு, அரசுப் பள்ளிக்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட வேண்டும். வேறு பள்ளிகள் நிறைய இருந்தால் தயங்காமல் தேதியை மாற்றுங்கள்.

நாங்கள் போய் இறங்கும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. வாசலில் வேறு பள்ளிகளின் பஸ்கள் நின்றன. உள்ளே கூடத்தில் ஒரே சத்தம். எங்கள் பிள்ளைகளும் அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடினார்கள். கண்ணில் பட்ட பொத்தானை எல்லாம் அமுக்குவது, என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குள் அடுத்ததற்கு ஓடுவது. கால் மணி நேரத்தில் "பாத்து முடிச்சிட்டோம் டீச்சர்" என்று வந்து நின்றார்கள். பக்கத்தில் இன்னொரு பள்ளிப் பிள்ளைகள் நோட்டை விரித்து, பலகையில் எழுதியிருப்பதை வரி விடாமல் காப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார். அந்தப் பிள்ளைகள் ஒருவர்கூட எதையும் தொடவில்லை. அவ்வளவு தூரம் வந்து பலகையை எழுதிக்கொண்டு போவதற்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்திருந்தால் போதும்.

நேரம் குறைவு என்பதால், எல்லாவற்றையும் காட்டுவது என்ற எண்ணத்தையே விட்டுவிட்டேன். பிள்ளைகளை நாலு குழுவாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் மூன்றே மூன்று பொருள். தொடுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் வாயால் சொல்ல வேண்டும். அப்புறம் செய்து பார்க்க வேண்டும். சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏன் என்று அங்கேயே நின்று பேச வேண்டும். இதைச் செய்த பிறகுதான் கூடத்தில் எங்கள் பக்கம் சத்தத்தின் தன்மையே மாறியது.

கையால் சுற்றுகிற ஜெனரேட்டர் ஒன்று. கைப்பிடியைச் சுற்றினால் பல்பு எரியும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பல்பு எதையும் போடாமல் சுற்றினான். லேசாக ஓடியது. "இப்ப ஒரு பல்ப் போட்டா எப்படி இருக்கும்ல?" என்று கேட்டேன். "அதே மாதிரிதான் இருக்கும், பல்ப் மட்டும் எரியும்" என்றான். போட்டான். கைப்பிடி இறுகியது. இரண்டாவது, மூன்றாவது போட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பையே சாய்த்துச் சுற்றினான். "எதுக்கு டீச்சர் இப்படி கனக்கு? பல்ப் அங்கனல்லா இருக்கு?" இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று தோன்றியது. கம்பிச் சுருளில் மின்னோட்டம் ஓட ஆரம்பித்ததும் அது தானே ஒரு காந்தமாகி, நாம் சுற்றுவதை எதிர்த்துப் பிடிக்கிறது. லென்ஸ் என்ற விஞ்ஞானி சொன்ன விதி, பாடத்தில் ஒரு வரியில் வந்து போகும். அந்த வரியை அவன் தோள்பட்டை புரிந்துகொண்டது. வெளிச்சம் சும்மா வருவதில்லை, சுற்றுகிற கையிலிருந்துதான் போகிறது.

அப்போது ஒரு பெண் பிள்ளை கேட்டாள், "அப்பம் ஊருல எல்லாரும் ஏசி போட்டா கரண்டு ஆபீஸ்ல சுத்துற மெஷினுக்கும் இப்படி கனக்குமா?" ஆமாம், கனக்கும். நாட்டில் மின்சாரத் தேவை கூடும்போது பாபநாசம் போன்ற நீர்மின் நிலையங்களில் சுழலும் இயந்திரம் தளரப் பார்க்கும். வேகம் குறையாமல் இருக்க இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், அனல் மின்நிலையம் என்றால் இன்னும் கொஞ்சம் நீராவி. மின்சாரத்தின் அதிர்வெண் விநாடிக்கு 50 சுழற்சி என்ற கணக்கைப் பிடித்துவைக்க இரவும் பகலும் ஆள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். எங்களோடு வந்த அக்காவும் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். "வயல்ல மோட்டார் போட்டதும் வீட்டுல லைட்டு மங்குதுல்லா, அது இதுதானா டீச்சர்?" என்றார். அது கொஞ்சம் வேறு. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், அத்தனையும் அந்த ஒல்லிக் கம்பி வழியாக வரும்போது மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும், அதனால் லைட் மங்கும். இதைச் சொன்னபோது பிள்ளைகளைவிட அவர்தான் கவனமாகக் கேட்டார். பெற்றோரைக் காவலுக்கு மட்டும் கூட்டிப் போகாமல் அவர்களையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் அன்றைக்கு ராத்திரி பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

ஒரு பொருளின் முன்னால் பத்து நிமிஷம் நிற்பது பிள்ளைகளுக்கு முடியாது என்று நினைக்காதீர்கள். கேள்வி பிடித்துவிட்டால் இழுத்தால்கூட வரமாட்டார்கள்.

இனி அந்த அரை மணி நேரம். கோளரங்கக் காட்சிக்கு எங்கள் வரிசையும் இன்னொரு அரசுப் பள்ளியின் வரிசையும் அடுத்தடுத்து நின்றன. அரசு கொடுக்கிற விலையில்லாச் சீருடை எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான். காட்சி முடிந்து வெளியே வந்ததும் தலையை எண்ணினேன், 42. சரியாக இருந்தது. மரத்தடியில் உட்காரவைத்துப் புளியோதரையைப் பிரித்தோம். அப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "டீச்சர், இவன் நம்ம ஸ்கூல் இல்ல" என்று பக்கத்தில் இருந்தவனைக் காட்டியது. யாரோ ஒரு பையன் எங்கள் வரிசையில் சேர்ந்து எங்கள் புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எண்ணிக்கை சரியாக இருந்தது அவனையும் சேர்த்துத்தான். எங்கள் பிள்ளையில் ஒருவன் இல்லை.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஆறு. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் தாமிரபரணி ஓடுகிறது என்பது காலையில் அழகாகத் தெரிந்தது, இப்போது அதை நினைக்கவே முடியவில்லை. கை நடுங்கி போனில் எண்ணைத் தொட முடியவில்லை. அக்காவைப் பிள்ளைகளோடு உட்காரவைத்துவிட்டுப் பூங்கா முழுக்க ஓடினேன். ஊஞ்சல் பக்கம், கழிப்பறைப் பக்கம், கூடத்துக்குள். வாசல் காவலர் "தனியா எந்தப் பிள்ளையும் வெளிய போகல, பதறாதீங்க" என்றார். அந்த வார்த்தைதான் என்னை நிறுத்தி வைத்தது. கடைசியில் அவன் அடுத்த காட்சி முடிந்து மற்றப் பள்ளிப் பிள்ளைகளோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான். அந்த வரிசையில் நின்றவன் அப்படியே இரண்டாவது முறையும் உள்ளே போயிருக்கிறான். "கார்த்திகை நட்சத்திரம் ரெண்டு தடவ பாத்தேன் டீச்சர்" என்றான். அவனைத் திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன், வேன் ஏறும்வரை விடவில்லை.

இதிலிருந்து நான் கண்டிப்பாகச் சொல்வது, தலையை எண்ணாதீர்கள், பெயரைக் கூப்பிடுங்கள். சீருடையில் போகிற அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்றால் தோளில் ஒரே நிறத்தில் ஒரு ரிப்பன் துண்டு குத்திவிடுங்கள். ஒரு முழு ரோல் வாங்கினாலும் பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பைக்குள்ளும் பள்ளிப் பெயரும் உங்கள் கைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். பிள்ளையின் பெயரை வெளியே தெரிகிற மாதிரி மாட்டிவிட வேண்டாம், பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது. இருவர் இருவராகச் சோடி சேர்த்து, "உன் சோடியைக் காணலைன்னா உடனே சொல்லணும்" என்று பழக்குங்கள். இருட்டான காட்சி அறை என்றால் ஒரு பெரியவர் முதலில் வெளியே வந்து கதவருகே நிற்க வேண்டும், இன்னொருவர் கடைசியில் வர வேண்டும். போய் இறங்கியதுமே காவலரிடம், எங்கள் ரிப்பன் நிறம் இது, தனியாக வந்தால் விடாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

மறுநாள் பள்ளியில் கட்டுரை எழுதச் சொல்லவில்லை. பார்த்ததைத் தொடர்ந்து செய்ய வைப்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றி மின்சாரம் எடுக்கிற காற்றாலைக் காத்தாடிகள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றுக்காக வைத்தவை. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்கள், ஆனால் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு இறக்கையை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணினோம். பெரிய காத்தாடி ஒன்று இருபதுக்குக் கிட்ட வந்தது. உள்ளே இருக்கிற ஜெனரேட்டரோ நிமிஷத்துக்கு 1,500 சுற்று போல ஓட வேண்டியது, நடுவில் பல்சக்கரப் பெட்டி 75 மடங்கு கூட்டுகிறது என்றபோது, "சைக்கிள் கியரு மாதிரியா?" என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள்.

அப்புறம் மோட்டார் செய்தோம். வள்ளியூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் மிச்சமாகக் கிடந்த இனாமல் பூசிய செம்புக் கம்பியை அண்ணன் ஒருவர் சும்மாவே கொடுத்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தம், இரண்டு ஊக்கு, ஒரு 1.5 வோல்ட் பேட்டரி. கம்பியைப் பேட்டரி மேலேயே பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் நேராக நீட்டிவிட வேண்டும். ஒரு முனையில் இனாமலை முழுக்கச் சுரண்டணும், மறுமுனையில் மேல்பாதியை மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் சுருள் அரைச் சுற்றுப் போய்த் திரும்பி வரும், ஊசலாடி நின்றுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பாதிச் சுற்றுக்கு மின்சாரம் அறுந்தால்தான் சுருள் தன் வேகத்தில் தாண்டிப் போகும். இதை நான் சொல்லாமல் முதலில் முழுக்கச் சுரண்டவே விட்டேன். ஆடி ஆடி நிற்பதைப் பார்த்துவிட்டு, பிறகு பாதி சுரண்டியதும் கிறுகிறுவென்று சுற்றியது. வகுப்பில் எழுந்த சத்தத்துக்குத் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். பேட்டரியை நெடுநேரம் இணைத்து வைக்காதீர்கள், கம்பி சுடும்.

காசே இல்லாத ஒன்று, மைதானத்தில் குச்சி நடுவது. நிழல் மிகக் குட்டையாவது பன்னிரண்டு மணிக்கு என்று பிள்ளைகள் சொன்னார்கள். குறித்துக்கொண்டே வந்தால் பன்னிரண்டரையையும் தாண்டியது. இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது, நம்ம திருநெல்வேலி 77¾ பாகைக்குக் கிட்ட. பாகைக்கு 4 நிமிஷம் என்றால் 19 நிமிஷம் அங்கேயே போய்விட்டது. மிச்சம் பூமியின் நீள்வட்டப் பாதையாலும் அச்சுச் சாய்வாலும் வருவது, மாதத்துக்கு மாதம் மாறும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மறுபடி செய்யுங்கள். நமக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிற நாள் அப்போதுதான். பன்னிரண்டு இருபது வாக்கில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் பக்கத்தில் நிழலே இருக்காது. ஆகஸ்ட் கடைசியிலும் ஒரு தடவை வரும்.

பின்னாடி ஒருமுறை எட்டாம் வகுப்பில் பத்துப் பேரை மட்டும், ஒரு சாதாரண வேலை நாளில் பஸ்ஸிலேயே கூட்டிப் போனேன். வேய்ந்தான்குளம் புது பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கொக்கிரகுளத்துக்கு டவுன் பஸ். பெண் பிள்ளைகளுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமே கிடையாது. செலவு வேன் வாடகையில் கால்வாசிகூட ஆகவில்லை. கூட்டமில்லாததால் அங்கே விளக்கம் சொல்கிறவர்கள் பிள்ளைகளோடு நின்று பேசினார்கள். ஒரே மூச்சில் மொத்தப் பள்ளியையும் கூட்டிப் போவதைவிடப் பத்துப் பத்துப் பேராகப் போவதே மேல் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். யாருக்கு முதலில் வாய்ப்பு என்று சண்டை வரும், குலுக்கிப் போட்டுவிடுங்கள்.

வண்டிக்கே வழியில்லாத பள்ளிகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தாருக்கு நடமாடும் அறிவியல் கண்காட்சி பஸ்கள் உண்டு. 1965-லேயே கொல்கத்தாவில் ஆரம்பித்த ஏற்பாடு, உள்ளே காட்சிப் பொருள்களோடு ஊர் ஊராகப் போகும். இராதாபுரம், நாங்குநேரிப் பக்கத்துப் பள்ளிகள் நாலைந்து சேர்ந்து தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரே கடிதமாக மையத்துக்கு எழுதிக் கேட்டால் நல்லது. வண்டி நிற்க நிழலான இடம், மின் இணைப்பு, பிள்ளைகள் எண்ணிக்கை மூன்றையும் கடிதத்திலேயே எழுதுங்கள். நாங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்ந்து இந்த மாதம் அனுப்பப்போகிறோம்.